பேரு தெரிஞ்சிருச்சா, தம்பி?

இது நடந்த கதை. போன வருஷம் மே மாதம், கத்திரி வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் எல்லாம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் அதெல்லாம் இல்லை. வெயில் மட்டும்தான் இருக்கிறது.

நடந்தது எனக்கு அல்ல, அசீமுக்கு. மதுரை தெற்குவாசலில் 'பிறை ஆப்டிகல்ஸ்' என்று அவனுடைய வாப்பா காலத்துக் கடை. பத்து வருஷமாக அங்கேதான் நான் மூக்குக் கண்ணாடி மாற்றுகிறேன். அசீம் பொய்யே சொல்லாதவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பொய் சொன்னான். அதனால்தான் இந்தக் கதையே. ஆனால் நடந்ததை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே ஆகவில்லை.

அசீமுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஃபங்க், சோல் ரெக்கார்டுகள். அறுபது எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் வாசித்த, பாடிய இசை. டிரம்ஸும் பேஸ் கிடாரும் முன்னால் நின்று மிரட்டும். பாடுகிறவர்கள் அடிவயிற்றிலிருந்து கத்துவார்கள். மதுரையில் இந்தக் கிறுக்கு உள்ளவர்கள் மொத்தமாகச் சேர்ந்தாலும் ஒரு ஷேர் ஆட்டோ நிறையாது. அதனால் போட்டியே இருக்காது என்று நினைப்பீர்கள். அங்கேதான் தப்பு. ஐந்து பேருக்குள் நடக்கிற போட்டியைவிட மோசமான போட்டி உலகத்தில் இல்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவன் சூரியபிரகாஷ். பழங்காநத்தத்துக்காரன். அசீமோடு கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மருந்துக் கம்பெனி ரெப் வேலை. திங்கள் உசிலம்பட்டி, செவ்வாய் வாடிப்பட்டி, புதன் திருமங்கலம் என்று பைக்கில் சுற்றுவான். டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பழைய மைக் செட்காரர்கள் வீடு, பழைய இரும்புக்கடை என்று நுழைந்துவிடுவான். அசீமோ காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை கடையில் உட்கார்ந்து, "இது தெரியுதா? இது தெரியுதா?" என்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பான். நல்ல ரெக்கார்டு எது வந்தாலும் சூரியபிரகாஷ் கையில்தான் போய் விழும். அசீமுக்கு மிச்சம்தான்.

பொறாமையா என்று நான் கேட்டேன். அசீம் மழுப்பவில்லை. "ஆமாண்ணே. அவன் சிரிச்சுக்கிட்டே ரெக்கார்ட உறையிலருந்து எடுக்கிறப்ப எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்," என்றான்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷ் வீட்டு மாடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அன்றைக்கு அவன் வெளியே எடுத்தது ஒரு ஏழு அங்குலச் சின்ன ரெக்கார்டு. நடுவில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பேறிய ஒரு வெள்ளைத்தாள் வட்டமாக ஒட்டியிருந்தது. தாளில் நீல மையில் '9' என்று ஒரே ஒரு எண். பாட்டு பேர் இல்லை, பாடியவர் பேர் இல்லை, கம்பெனி பேர் இல்லை.

இப்படித் தாள் ஒட்டுவது தெரிந்த சங்கதிதான். இங்கிலாந்தில் இந்த ரெக்கார்டுகளைப் போட்டு ஆடவைத்தவர்களும் லேபிளை மறைத்துத்தான் வைத்தார்கள், போட்டிக்காரன் பேரைப் படித்துவிட்டு அதே ரெக்கார்டை வாங்கிவிடக் கூடாது என்று. உசிலம்பட்டிப் பக்கத்து மைக் செட்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொறாமை தானாகவே சொல்லிக்கொடுத்துவிட்டது. இந்த ரெக்கார்டு உசிலம்பட்டி வெள்ளைத்துரை என்ற மைக் செட்காரருடையது. அவர் உயிரோடு இல்லை. மகன் கொடுத்தான் என்றான் சூரியபிரகாஷ்.

முள்ளை வைத்தான். மூன்று நிமிஷம் பத்து நொடி. அந்த மூன்று நிமிஷத்தில் அசீமுக்கு உலகமே மறந்துபோனது. பேஸ் கிடார் படி இறங்குகிற மாதிரி இறங்கி வருகிறது, மேலே ஒரு பெண் குரல் யாரையோ திட்டுகிறதா கெஞ்சுகிறதா என்று தெரியாமல் பாடுகிறது. முடிந்ததும் ஆளாளுக்குப் போனை நீட்டி, பாட்டைக் கண்டுபிடிக்கிற ஆப்பில் தேடினார்கள். எதிலும் அகப்படவில்லை.

"பேரு என்ன மாப்ள?" என்றான் அசீம்.

"சொல்ல மாட்டேன், போ," என்று சிரித்தான் சூரியபிரகாஷ்.

அந்தச் சிரிப்பை அசீம் வீட்டுக்கு எடுத்துப் போனான். மூன்று வாரம் அது அவனைத் தூங்கவிடவில்லை. இணையத்தில் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டினான். ஆயிரக்கணக்கான பாட்டுகளின் முதல் பத்து நொடிகளைக் கேட்டான். மனைவி ஃபர்ஹா ஒரு நாள் போனைப் பிடுங்கி வைத்தாள். "அந்தப் பேரு தெரிஞ்சா என்ன கெடைக்கும் உங்களுக்கு?" என்று கேட்டாள். பேர் தெரிந்தால் தேடலாம், தேடினால் இன்னொரு பிரதி கிடைக்கலாம், கிடைத்தால் சூரியபிரகாஷ் அப்படிச் சிரிக்க முடியாது. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சூரியபிரகாஷே கடைக்கு வந்தான். கையில் அதே ரெக்கார்டு.

கண்ணாடி கழுவ அசீமிடம் ஒரு தொட்டி உண்டு. தண்ணீருக்குள் அதிர்வை அனுப்பி அழுக்கை எடுக்கும். ரெக்கார்டு கழுவுவதற்கென்று அதில் பெரியதாக ஒன்று வாங்கி வைத்திருந்தான். ஐந்து பேருக்கும் அவன்தான் கழுவிக் கொடுப்பான்.

"அம்பது வருஷத்துப் புழுதி மாப்ள. நல்லாக் கழுவி வையி. சனிக்கிழமை வாரேன். தாள் மட்டும் நனையக் கூடாது, பாத்துக்க," என்றான் சூரியபிரகாஷ். வேறு எதுவும் சொல்லவில்லை. நண்பனை நம்பி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

ஜும்மா தொழுகை நேரத்தில் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் அடைத்திருக்கும். அசீமும் அடைத்தான். ஆனால் தொழுகைக்குப் போகவில்லை. உள்ளேயே இருந்துகொண்டு ஷட்டரை இறக்கினான். புழுக்கம் தாங்காது என்று அடியில் ஒரு அடி மட்டும் திறந்து விட்டான். மணி 12.38. கண் பரிசோதிக்கிற இடத்தில் கடிகாரம் மாட்டியிருக்கிறது, அதனால் நேரம் எல்லாம் சரியாகத் தெரியும்.

தெரு அடங்கிவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு தடவை கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று கடையில் வைத்திருந்த பிளேயரில் போட்டான். 12.41. சத்தத்தைக் குறைத்து வைத்தான். பாட்டு முடிந்தது. முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு ரெக்கார்டைத் துணியில் மல்லாத்தினான்.

தாளைப் பிரிக்க, மைதா பசைக்குத் தண்ணீர் போதும். பஞ்சில் சொட்டு சொட்டாக நனைத்துத் தாளின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒற்றினான். கண்ணாடி திருகாணி பிடிக்கிற இடுக்கியால் அந்த ஓரத்தைத் தூக்கினான். வந்தது.

எதிர் ஓரத்திலும் தொட்டுப் பார்த்தான். அங்கே தண்ணீர் படவே இல்லை. ஆனால் அங்கேயும் தாள் நெகிழ்ந்தது. விரலில் பசை ஒட்டியது. ஐம்பது வருஷத்துப் பசை... அப்போதுதான் காய்ச்சித் தடவியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் காலம், கடைக்குள் சூடு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான். மனிதன் ஆசைப்பட்டுவிட்டால் எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவான்.

12.52.

'ஃபூ...'

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மைக்கில் வாயை வைத்து ஊதிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்.

அசீம் திரும்பிப் பார்த்தான். முள் தன் இடத்தில் இருந்தது. தட்டு சுற்றவில்லை. எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். சிவப்பு விளக்கு அணைந்தது. ஒயரையும் பிளக்கிலிருந்து உருவினான்.

மறுபடி வந்து உட்கார்ந்தான். பாதித் தாள் வந்துவிட்டது. அடியில் கறுப்பு லேபிள், வெள்ளி எழுத்து. முதல் எழுத்து தெரிந்தது. இரண்டாவது எழுத்து தெரிந்தது. சந்தோஷத்தில் அவனுக்கு வாயில் எச்சில் ஊறியதாம்.

12.55.

'ஃபூ... ஃபூ...'

பிறகு, விரலால் மைக்கைத் தட்டுகிற சத்தம்.

'டொக்... டொக்... டொக்...'

ஒயர் தரையில் கிடந்தது.

அசீம் அசையாமல் இருந்தான். சத்தம் நின்றது. ஆனால் இன்னும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

பிறகு புரிந்தது. பயான் கேட்கவில்லை.

பள்ளிவாசல் சத்தம் இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது; அதற்கும் சத்தம் இல்லை. கடிகாரத்தில் நொடி முள் ஓடியது. அதற்கும் இல்லை.

12.58.

ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள்.

செருப்பு இல்லாத கால்கள். காய்ந்து வெடித்த குதிகால், புழுதி அப்பிய விரல்கள், வேட்டியின் ஓரம்.

அந்த நேரத்துச் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு அரை நிமிஷம் நிற்க முடியாது. யாராக இருந்தாலும் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். அந்தக் கால்கள் அசையவே இல்லை.

"தம்பி..."

அந்தக் குரல் மட்டும் கேட்டது.

"கடை... கடை இல்லைங்க. ரெண்டு மணிக்கு வாங்க," என்றான் அசீம்.

"கண்ணாடிக்கு வரல."

அசீம் இடுக்கியை இறுக்கிப் பிடித்தான்.

"பேரு தெரிஞ்சிருச்சா, தம்பி?"

சூரியபிரகாஷ் வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான். அசீமுக்கு முதலில் தோன்றியது இதுதான்! பயத்துக்கும் முன்னால் பொறாமை வந்து நின்றது. ஆனால் அவன் கடைக்குள் என்ன செய்கிறான் என்று வெளியே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? சூரியபிரகாஷுக்குத்தான் எப்படித் தெரியும்?

நடுக்கத்தில் இடுக்கி இழுத்தது. மீதித் தாளும் மொத்தமாகக் கழன்று கையோடு வந்தது.

1.01.

முழு லேபிளும் தெரிந்தது. பாட்டின் பேர். பாடியவள் பேர். கம்பெனி. ஊர்.

அசீம் படித்துவிட்டான்.

"படிங்க தம்பி. சத்தமா."

இந்த இடத்தைச் சொல்லும்போது அசீம் மூன்று தடவையும் தலையைக் குனிந்துகொண்டான். பயத்தில் உயிர் போகிற நேரம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவன் கை தானாகப் போய் லேபிளைப் பொத்திக்கொண்டது.

மூன்று வாரம் வயிறு எரிந்து, தொழுகையை விட்டு, நண்பனை ஏமாற்றிக் கண்டுபிடித்த பேர். அதை வாசலில் வந்து நிற்கிறவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பதா?

"எனக்குத் தெரியாது," என்றான்.

கால்கள் நின்றன.

"இது என்னோடது இல்ல. கழுவக் குடுத்தாங்க. சூரியபிரகாஷ்னு... பழங்காநத்தத்துல, தண்ணி டேங்குக்குப் பின்னாடித் தெரு, பச்சை கேட்டு. அவன்ட்ட கேளுங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நெசமா?"

"நல்லாத் தெரியும். சொல்ல மாட்டான். ஆனா தெரியும்."

1.04.

கால்கள் நடந்து போகவில்லை.

இல்லை. அவ்வளவுதான்.

மின்விசிறிச் சத்தம் திரும்பி வந்தது. பள்ளிவாசலில் தொழுகை நடந்துகொண்டிருந்தது. தெரு முனையில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது. அசீம் தவழ்ந்து போய் ஷட்டருக்கு அடியில் கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டான். சுற்றிலும் தரை கொதித்தது. அந்த இரண்டு இடம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

போனைக் கையில் எடுத்தான். சூரியபிரகாஷ் எண்ணைத் திறந்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? யாரோ வருகிறார்கள் என்றால், யார் என்பான். எதற்கு என்பான். ரெக்கார்டின் பேரைக் கேட்கிறார் என்றால், அந்த நேரத்தில் நீ அந்த ரெக்கார்டை என்ன செய்துகொண்டிருந்தாய் என்பான். தாளைப் பிரித்தது தெரிந்துபோகும்.

போனைக் கீழே வைத்துவிட்டான்.

தாளைப் பழையபடி ஒட்டினான். ரெக்கார்டை உறையில் போட்டான். இரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி வியாபாரம் பார்த்தான். இன்னொன்றையும் அவன் மறைக்காமல் சொன்னான்: அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அந்தப் பேரை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் வயிறு குளிர்ந்ததாம்.

5.40க்குப் போன் வந்தது. சூரியபிரகாஷின் மனைவி ஸ்ரீலக்ஷ்மி.

"அண்ணே, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா? இவருக்குக் காது கேக்கல."

அசீம் போனபோது சூரியபிரகாஷ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காயம் இல்லை, ரத்தம் இல்லை. அசீமைப் பார்த்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "மாப்ள! நான் பேசுறது எனக்கே கேக்கலடா!"

செவிப்பறை நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, எல்லாச் சோதனையிலும் எந்தக் குறையும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் இரண்டு காதிலும் ஒரு பொட்டுச் சத்தம் விழவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். "மத்தியானம் சாப்பிட உக்காந்தாரு. போன்ல யாரோ டாக்டர்ட்ட பேசிக்கிட்டிருந்தவரு, பாதியில கட் பண்ணிட்டு, வாசல்ல கூப்பிடுறாங்கன்னு எந்திரிச்சுப் போனாரு. எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே. சமையக்கட்டு சன்னல்லருந்து பாத்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இல்ல. இவரு தனியா நின்னு பேசுறாரு. 'எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. நான் அந்தத் தாளப் பிரிச்சுப் பாத்ததே இல்ல'ன்னு. அம்புட்டுதான். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாரு."

அசீம் சூரியபிரகாஷின் போனை வாங்கிப் பார்த்தான். அந்த டாக்டருடன் பேசிய அழைப்பு முடிந்த நேரம் 1.04.

தெற்குவாசலுக்கும் பழங்காநத்தத்துக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

அதைவிட அவனை அடித்துப் போட்டது வேறு ஒன்று. சூரியபிரகாஷுக்குப் பேர் தெரியாது. அன்றைக்கு மாடியில் "சொல்ல மாட்டேன், போ" என்று சிரித்ததெல்லாம் சும்மா சீண்டல். இல்லாத ஒன்றுக்காகத்தான் அசீம் மூன்று வாரம் எரிந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குப் போனான். வெள்ளைத்துரையின் மகன் நல்லகாமன் அங்கே டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அசீம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு அவனைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

"தாளப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே குடுத்தேன். பிரிச்சிட்டாரா?"

"அவன் பிரிக்கல," என்றான் அசீம்.

நல்லகாமன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்.

எழுபதுகளில் வாடிப்பட்டியில் மலைச்சாமி என்று ஒரு மைக் செட்காரர். அவருக்கும் வெள்ளைத்துரைக்கும் ஆகாது. திருவிழாக்களில் இரண்டு பேரும் எதிரெதிரே ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் போட்டி போடுவார்கள். யார் பாட்டுக்குக் கூட்டம் சேருகிறதோ அவருக்குத்தான் அடுத்த வருஷத் திருவிழா. ஒரு வருஷம் வெள்ளைத்துரை, கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய இந்த ரெக்கார்டைப் போட்டார். பாஷை புரியாத பாட்டுக்கு ஊரே அவர் பக்கம் வந்து ஆடியது. மலைச்சாமி வெட்கத்தை விட்டு வந்து பேரைக் கேட்டார். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. கடைசியில் வெள்ளைத்துரை ஒரு பேரைச் சொன்னார். வாயில் வந்த பொய்ப் பேர். அந்தப் பேரைத் தேடி மலைச்சாமி சென்னை வரைக்கும் போய்க் கடை கடையாக அலைந்திருக்கிறார். கிடைக்கவில்லை. கைக்காசு தீர்ந்து, திரும்பி வருகிற வழியில் வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனார். செருப்புகூட இல்லாமல் கிடந்தாராம்.

"அடுத்த மாசம் ஒரு மத்தியானம் எங்கப்பாவுக்கு ரெண்டு காதும் போச்சு. அவரு சாகுற வரைக்கும், பதினோரு வருஷம், ஒரு சத்தம் கேக்கல," என்றார் நல்லகாமன். "செத்த மலைச்சாமி எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் வந்து கேட்டிருக்காரு. எங்கிட்டயும் கேட்டாரு. தெரியாதுன்னேன். நெசமாவே தெரியாது. சரிப்பான்னு போயிட்டாரு. தெரியாதவங்கள அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு, தம்பி. தெரிஞ்சு வச்சுக்கிட்டுத் தெரியாதுன்னு சொல்றவங்களத்தான் விட மாட்டாரு. ஒங்க கூட்டாளி தாளே பிரிக்கலங்கிறீங்க. தெரியாதுன்னும் சொல்லியிருக்காரு. அப்புறம் ஏன் அவரு காதக் கொண்டு போனாருன்னுதான் எனக்குப் புரியல."

அசீமுக்குப் புரிந்தது. 'நல்லாத் தெரியும்' என்று அடித்துச் சொன்னது அவன்தானே. அவன் பஸ் ஏறினான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற அளவுக்கு அழுதான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்ததும் கடைக்குள் போய், ஷட்டரை ஒரு அடி விட்டு இறக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். பேரைச் சொல்லிவிட்டால் சூரியபிரகாஷின் காது திரும்பி வந்துவிடாதா என்ற நப்பாசை. சத்தமாகச் சொல்வான். பாட்டின் பேர், பாடியவள் பேர், கம்பெனி, ஊர். கேட்க யாரும் வரவில்லை. போகிற வருகிற நண்பர்களிடமெல்லாம் சொல்ல வாயெடுப்பான். என்னிடமும் சொல்ல வந்தான். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அப்போது அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

சூரியபிரகாஷ் வீட்டுக்கும் வாராவாரம் போனான். ரெக்கார்டுகள் மாடியில் அடுக்கியபடியே இருந்தன. சூரியபிரகாஷ் கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருப்பான். ஒரு நோட்டில் எழுதித்தான் பேச்சு. வெயில், கிரிக்கெட், ஸ்ரீலக்ஷ்மி வைத்த குழம்பு. அந்த மத்தியானத்தைப் பற்றி அவன் ஒரு வரி எழுதவில்லை. அசீமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அசீம் துணிந்துவிட்டான். எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று நோட்டை இழுத்தான். சூரியபிரகாஷ் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினான். நிதானமாக எழுதினான். நோட்டைத் திருப்பி வைத்தான்.

'நான் கடைசியாக் கேட்ட சத்தம் எது தெரியுமா மாப்ள? பாட்டு இல்ல. லட்சுமி குரல் இல்ல. கேட்டுக்கு வெளிய நின்னவரு சொன்னதுதான். "ஒனக்குத் தெரியும்னு அசீம் சொன்னானே, தம்பி."'

அசீம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கடைப் பலகையில் அவன் பேர் கிடையாது. அன்றைக்கு ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் எத்தனையோ கேட்டார். அசீமின் பேரைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.